கேப்டனாகவே வீடு திரும்புவது எப்படி?

வாழ்த்துகள், கேப்டன். அமெரிக்க ராணுவத்தின் ரிசர்வ் படையில் மேஜர் பதவிக்கான பட்டியல் வெளியாகிவிட்டது. உங்கள் பெயர் அதில் இல்லை. மாதத்தில் ஒரு வார இறுதியும் வருடத்தில் இரண்டு வாரமும் சீருடை போட்டுவிட்டு, மீதி நாட்களில் கணக்கு வாத்தியாராகவோ இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலாளராகவோ இருக்கும் உங்களுக்கு இது பேரிடி என்று நாலு பேர் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நமக்கு இது பாதிக் கிணறு தாண்டிய சந்தோஷம்.

மீதிப் பாதி இதுதான். முதல் தடவை விடுபட்ட கேப்டனை அடுத்த பதவி உயர்வுத் தேர்வு போர்டும் பார்க்கும். இரண்டாம் தடவையும் விடுபட்டால், அந்த முடிவுக்கு ஒப்புதல் கிடைத்த மாதத்துக்கு அப்புறம் ஏழாவது மாதத்தின் முதல் தேதிக்குள் கணக்கை முடித்து அனுப்பிவிட வேண்டும் என்பது பொதுவான சட்டம். 18 வருடத் தகுதிச் சேவையைத் தாண்டியவர்களுக்கு 20 வரைக்கும் ஒரு நிழல் உண்டு. ஆள் பற்றாக்குறை இருந்தால் படையே சிலரை நிறுத்தி வைத்துக்கொள்வதும் உண்டு. அந்த இரண்டு ஆபத்திலும் நீங்கள் இல்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

காகிதம் காணாமல் போய்ப் பதவி உயர்வை இழப்பது யாருக்கும் நடக்கும். அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேல்முறையீட்டில் தோற்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

படி 1: கோப்பைத் திறக்காதீர்கள்

உங்கள் ராணுவ வாழ்க்கை முழுவதும் ஐபெர்ம்ஸ் என்ற மின்கோப்பில் கிடக்கிறது. போர்டு கூடுவதற்கு முன், அது எதையெல்லாம் பார்க்கப்போகிறது என்பதை நீங்களே பார்த்து, சரி என்று ஒப்புக்கொள்ள ஒரு பக்கம் திறந்து வைப்பார்கள். அதற்கு மின்னஞ்சலும் வரும், ராணுவ முகவரிக்கு. அந்த முகவரிக்குள் நுழைய சிப் வைத்த அடையாள அட்டை வேண்டும். அட்டையைப் படிக்க ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவியை வீட்டுக் கணினியில் வேலை செய்ய வைக்க உங்கள் மகன் வேண்டும். அவன் கல்லூரிக்குப் போய்விட்டான். ராணுவமே இவ்வளவு தடைகளை உங்களுக்காக அமைத்துக் கொடுத்திருக்கும்போது அவற்றைத் தாண்டிப்போவது நன்றி கெட்ட செயல்.

யாராவது கேட்டால், "என் கோப்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாதா?" என்று சிரியுங்கள். நீங்கள் செய்த வேலை உங்களுக்குத் தெரியும். கோப்பில் என்ன இருக்கிறது என்பது வேறு கதை.

படி 2: முக்கியமான காகிதத்தை காரின் டிக்கியில் வையுங்கள்

மேஜராக வேண்டுமானால் கேப்டன்களுக்கான படிப்பை முடித்திருக்க வேண்டும். முடித்துவிட்டீர்கள். முடித்த அன்று டி.ஏ. 1059 என்ற படிவத்தில் உங்கள் தேர்ச்சியை எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு நகல் கொடுத்தார்கள். ஒரிஜினலைப் பயிற்சிப் பள்ளியே கோப்புக்கு அனுப்பிவிடும் என்றும் யாரோ சொன்னார்கள். அந்த "யாரோ"வை முழுமையாக நம்புங்கள். நகலை டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் வையுங்கள். ஸ்கேன் எடுக்காதீர்கள்.

வருடாந்தர மதிப்பீட்டு அறிக்கையிலும் இதே கொள்கைதான். அதில் உங்களுக்கு மேலே உள்ளவர் எழுத வேண்டும், அவருக்கும் மேலே உள்ளவர் எழுத வேண்டும், கடைசியில் நீங்களும் கையெழுத்திட வேண்டும். ரிசர்வ் படையில் இந்த மூன்று பேரும் மூன்று மாநிலங்களில் இருப்பார்கள். சீனியர் பாதியில் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்கு மீன் பிடிக்கப் போய்விடுவார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள். அறிக்கை எங்கோ ஒரு பெட்டியில் கையெழுத்துக்காகக் காத்திருக்கட்டும். கோப்பில் ஒரு வருடம் ஓட்டையாகத் தெரியட்டும். போர்டில் இருப்பவர்கள் உங்களைக் கண்ணால் பார்த்ததில்லை. 2020 வரைக்கும் கோப்பில் ஒரு புகைப்படமாவது இருந்தது. பாரபட்சத்துக்கு இடம் தருகிறது என்று அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது அவர்களைப் பொறுத்தவரை நீங்கள் என்றால் திரையில் தெரியும் அந்த ஓட்டையும் சேர்த்துத்தான்.

படி 3: போர்டுக்குக் கடிதம் எழுதுங்கள், ஆனால் கதை எழுதுங்கள்

போர்டு கூடுவதற்கு முன்னால், கெடு தேதிக்குள், அதன் தலைவருக்கு நீங்களே எழுதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. "1059 கோப்பில் இல்லை, நகல் இணைத்திருக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அந்தப் பாவத்தைச் செய்யாதீர்கள். உங்கள் தாத்தா கொரியப் போருக்குப் போனதிலிருந்து ஆரம்பியுங்கள். நகலை இணைக்க மறந்துவிடுங்கள். கெடு முடிந்த மறுநாள் அனுப்புங்கள்.

படி 4: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

இரண்டாவது பட்டியலும் வந்துவிட்டது. ஏன் விடுபட்டீர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் முடியாது, ஏனென்றால் போர்டின் உள்விவாதங்களை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. இந்த ரகசியம் உங்களுக்குக் கிடைத்த வரப்பிரசாதம். வெற்றிடத்தை எதைக்கொண்டு வேண்டுமானாலும் நிரப்பலாம்.

2016-இல் பட்டாலியன் கமாண்டர் வீட்டு விருந்துக்கு நீங்கள் போகவில்லை. அவருடைய மைத்துனர் பென்டகனில் ஏதோ வேலையில் இருக்கிறார். புள்ளிகளை இணையுங்கள். இப்போதாவது கோப்பைத் திறந்து பார்த்தால் 1059 இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பது அரை நிமிடத்தில் தெரியும். ஆனால் அதில் சுவாரஸ்யம் என்ன இருக்கிறது? சதிக்கு ஒரு கம்பீரம் உண்டு. காகிதத்தை யாரோ வேறொருவர் பெயரில் தவறாக ஏற்றிவிட்டார்கள் என்பதற்கு அது இல்லை.

படி 5: தவறான கதவைத் தட்டுங்கள்

இதுதான் இந்தக் கலையின் உயிர்நாடி, கொஞ்சம் நின்று கவனியுங்கள்.

சரியான கதவு ஃபோர்ட் நாக்ஸில், ராணுவத்தின் மனிதவளக் கமாண்டில் இருக்கிறது. அங்கே எழுதி, போர்டு பார்த்த கோப்பில் முக்கியமான பிழை இருந்தது, எனவே சிறப்புத் தேர்வு போர்டைக் கூட்டுங்கள் என்று கேட்க வேண்டும். அதனால் அங்கே எழுதாதீர்கள்.

முதலில் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். அவர் அலுவலகம் ராணுவத்துக்கு ஒரு விசாரணைக் கடிதம் அனுப்பும். ராணுவம் அதை எந்தப் பிரிவுக்கு அனுப்பும் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் எழுதாமல் விட்ட அதே பிரிவுக்குத்தான். அங்கிருந்து "அதிகாரி உரிய வழியில் விண்ணப்பிக்கலாம்" என்று பணிவான பதில் வரும். மூன்று மாதம் கழிந்திருக்கும். நாடாளுமன்றத்துக்கு எழுதுவது ஒரு காலத்தில் நல்ல யோசனைதான். ராணுவப் பதிவேட்டில் பிழை என்றால் ஒரு உறுப்பினரைப் பிடித்து, உங்கள் ஒருவருக்காகவே தனி மசோதா கொண்டுவரச் செய்வார்கள். ஆயிரக்கணக்கில் மசோதாக்கள் குவிந்து, உறுப்பினர்களுக்கே அலுத்துப்போய், 1946-இல் ஒரு சட்டம் போட்டு அப்படிப்பட்ட மசோதாக்களை ஒழித்தார்கள். அந்த வேலையைப் படைகள் தாங்களே பொதுமக்களைக் கொண்ட வாரியங்கள் அமைத்துச் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். நீங்கள் ஏறத்தாழ எண்பது வருடம் தாமதம். அதனால் என்ன, எழுதுங்கள்.

அடுத்து, அந்த வாரியத்துக்கே நேராகப் போங்கள். அதன் பெயர் ராணுவப் பதிவேடு திருத்த வாரியம், வர்ஜீனியாவில் ஆர்லிங்டனில் இருக்கிறது. கீழே உள்ள எல்லா வழிகளையும் முயன்று பார்த்துவிட்டுத்தான் அங்கே வர வேண்டும் என்பது அதன் விதி. நீங்கள் ஒன்றையும் முயலவில்லை. முயன்று பாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். இன்னும் சில மாதங்கள் போயின. இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும், ஏழு மாதம் என்பது எவ்வளவு சின்ன காலம் என்று.

படி 6: பிழையைத் தவிர மற்றதையெல்லாம் சொல்லுங்கள்

சிறப்புத் தேர்வு போர்டு கூட வேண்டுமானால் பிழை கனமானதாக இருக்க வேண்டும். விதிமுறையின் பார்வையில் காணாமல் போன மதிப்பீட்டு அறிக்கை கனமானது. தவறாகப் பதிவான கல்வித் தகுதி கனமானது. பதக்கங்களில் என்றால் சில்வர் ஸ்டார், அதற்கும் மேலே. ஆகவே நீங்கள் சாதனைப் பதக்கத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதுங்கள். முகாமில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் நடத்தியதற்கு வந்த பாராட்டுக் கடிதத்தைப் பெரிதாக்கி முதல் பக்கத்தில் வையுங்கள். 1059 விடுபட்டதைப் பதினோராவது பக்கத்தில், அடைப்புக்குறிக்குள் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பொன்னான கேள்வி வரும்: நியாயமான கவனத்தோடு இருந்திருந்தால் இந்தப் பிழையை அந்த அதிகாரியே முன்கூட்டிக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்க முடியாதா? இந்தக் கேள்வியின் அழகை ரசியுங்கள். காகிதத்தைத் தொலைத்தது ராணுவம். அதைத் தேடியிருக்க வேண்டியது நீங்கள். அதிகாரிகள் தங்கள் கடமையை ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள் என்பது தொடக்க அனுமானம். இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். இப்படி ஒரு கட்டடத்தை உங்களுக்காகக் கட்டி வைத்திருக்கும்போது, நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஒரு வாக்கியம் எழுதுவது: "கோப்பைச் சரிபார்ப்பது என் வேலை என்று எனக்குத் தோன்றவில்லை." கையெழுத்து, தேதி.

பள்ளிக்கு நீங்கள் இரண்டு தடவை மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டது நினைவிருக்கிறதா? அந்த மின்னஞ்சல்கள் உங்கள் கவனத்துக்குச் சாட்சி. அழித்துவிடுங்கள்.

படி 7: நேற்றைய வெற்றிகளை இணையுங்கள்

சிறப்புத் தேர்வு போர்டு காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒரு விசித்திரமான அமைப்பு. பழைய போர்டு கூடிய அன்று உங்கள் கோப்பு எப்படி இருந்திருக்க வேண்டுமோ அப்படி அதை அடுக்கி, அன்றைக்குத் தேர்வானவர்கள், தேர்வாகாதவர்கள் ஆகியோரின் மாதிரிக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அன்றைய தேதிக்குப் பின்னால் நடந்த எதற்கும் அந்த அறையில் இடமில்லை. எனவே உங்கள் வாதம் முழுவதையும் சென்ற மாதம் வாங்கிய முதுகலைப் பட்டத்தின் மேல் கட்டுங்கள்.

படி 8: படிவத்தில் நீதி கேளுங்கள்

திருத்த வாரியத்துக்கான விண்ணப்பம் டி.டி. 149. அதில் ஒரு கட்டம் இருக்கிறது: என்ன திருத்தம் வேண்டும்? மற்றவர்கள் இதில், "இந்தத் தேதியிட்ட 1059-ஐக் கோப்பில் சேர்த்து, இன்ன வருட மேஜர் போர்டின் அளவுகோலின்படி சிறப்புத் தேர்வு போர்டைக் கூட்டவும்" என்று எழுதுகிறார்கள். உப்புச் சப்பில்லாத எழுத்து. நீங்கள் "நீதி" என்று ஒரே சொல் எழுதுங்கள். இடம் மிச்சமிருந்தால் ஆச்சரியக்குறி.

சாட்சியங்கள் விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்றும் இணைக்காமல் "கேட்டால் தருவேன்" என்று எழுதுபவர்கள் ஒரு பக்கம். மெயில், போட்டோ, ஹோட்டல் ரசீது எல்லாவற்றையும் பக்க எண் போடாமல் கத்தையாக அனுப்புபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டுமே அருமை. பயிற்சிப் பள்ளியிடம் சான்றொப்பமிட்ட நகல் கேட்பதோ, அன்றைக்கு அனுப்பிய கிளார்க்கிடம் "நான்தான் அனுப்பினேன், இப்படித்தான் தவறியது" என்று ஒரு வாக்குமூலம் வாங்குவதோ மட்டும் வேண்டாம். அதற்குப் பதில் மனைவியிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். நீங்கள் நேர்மையானவர் என்று அவர் எழுதட்டும்.

படி 9: தீயின் மேல் பழி போடுங்கள்

1973 ஜூலை 12-ஆம் தேதி செயின்ட் லூயிஸில் தேசியப் பணியாளர் பதிவேட்டு மையத்தில் தீப்பிடித்தது. 1.6 கோடியிலிருந்து 1.8 கோடி ராணுவக் கோப்புகள் போயின. 1912 நவம்பர் முதல் 1960 ஜனவரி வரைக்கும் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம். நகல்களும் இல்லை, எது எது இருந்தது என்ற பட்டியலும் இல்லை. ராணுவ ஆவணம் காணாமல் போனது என்ற பேச்சு வந்தாலே அமெரிக்காவில் எல்லோர் நினைவுக்கும் வருவது இந்தத் தீதான்.

நீங்கள் அப்போது பிறக்கவே இல்லை என்பது உண்மைதான். உங்கள் 1059 பிறந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. இருந்தாலும் விண்ணப்பத்தில் தீயைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள். வாரியத்தின் முகத்தில் அது ஒரு புன்னகையை வரவழைக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். அந்தத் தீயில் கோப்பை இழந்தவர்கள் பலர் பிற்பாடு தங்கள் சர்வீஸை நிரூபித்தார்கள். சம்பளப் பட்டியல்கள், முன்னாள் படைவீரர் நலத்துறையின் காகிதங்கள், படைப்பிரிவின் தினசரி அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து அதிகாரிகள் பழைய கதையைத் திரும்பக் கட்டினார்கள். பலருக்கு வீட்டுப் பரணில் கிடந்த பெட்டியே கைகொடுத்தது. அதனால்தான் அந்த டிக்கியைப் பற்றி எனக்குக் கவலையாக இருக்கிறது. காரை எப்போது விற்கிறீர்கள்?

படி 10: காத்திருங்கள், அல்லது காத்திருக்க வையுங்கள்

பிழை தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வாரியத்தை அணுக வேண்டும். நீதியின் பொருட்டு வாரியம் தாமதத்தை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். இந்த இரண்டாவது சாத்தியத்துக்கு வாய்ப்பு கொடுங்கள். தாமதத்துக்குக் காரணம் கேட்டால், "வேலை அதிகம்" என்று எழுதுங்கள்.

வாரியமும் தன் பங்குக்குப் பொறுமையைக் கற்றுத்தரும். பத்தில் ஒன்பது வழக்கை 10 மாதத்துக்குள் முடிக்க வேண்டும், எதுவும் 18 மாதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதற்கு வைத்த இலக்கு. நீங்கள் வெளியேற வேண்டிய கெடு ஏழு மாதம். விண்ணப்பித்ததாலேயே வெளியேற்றம் நின்றுவிடாது என்றும் விதியில் இருக்கிறது. கணக்கு வாத்தியார் என்றால் இதைக் கரும்பலகையில் போட்டுப் பாருங்கள்.

நேரில் விசாரணை கிடைக்கும் என்று புதுச் சூட் தைத்திருக்கிறீர்களா? அது உரிமை இல்லை. பெரும்பாலும் மூன்று பேர் காகிதத்தை மட்டும் படித்து முடிவெடுப்பார்கள். இதைக் கேட்டு யாராவது விண்ணப்பத்தைத் தெளிவாக எழுதத் தொடங்கிவிட்டால் நம் உழைப்பு வீண், எனவே இதை மறந்துவிடுங்கள்.

படி 11: மறுபரிசீலனையும் கோர்ட்டும்

மறுத்துவிட்டார்களா? புதுச் சாட்சியம் இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லலாம். உங்களிடம் புதிதாக இருப்பது கோபம் ஒன்றுதான். பழைய விண்ணப்பத்தையே தடித்த எழுத்தில் அச்சடித்து அனுப்புங்கள்.

அப்புறம் கோர்ட். வாரியம் சட்டத்தை மீறியதா, ஆதாரத்தைக் கண்டுகொள்ளாமல் மனம்போன போக்கில் முடிவெடுத்ததா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். நீங்கள் அதைப் பேசாமல், உங்களை மேஜராக்கும்படி நீதிபதியிடமே கேளுங்கள். தனக்கு அதிகாரி பதவி தரவில்லை என்று ஒரு டாக்டர் தொடுத்த வழக்கில், ராணுவத்தை நடத்துவது நீதிபதிகளின் வேலை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1953-லேயே கைகழுவிவிட்டது. அது உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கக் கூடாது. ஆகவே வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்துக் கொடுத்த வக்கீலையே அமர்த்துங்கள்.

ஆபத்துக் காலத்துக்கு

இவ்வளவும் செய்தும் காரியம் கெட்டுப்போகும் சில குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மகன் விடுமுறைக்கு வருகிறான். டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுக்கிறான், அடியில் ஒரு பழுப்புக் காகிதம். அதை செல்பேசியில் படம்பிடித்து அப்பாவுக்கு அனுப்புகிறான். அப்பா ஒரு பலவீனமான தருணத்தில் அதை ஒரு பக்கக் கடிதத்தோடு ஃபோர்ட் நாக்ஸுக்கு அனுப்பிவிடுகிறார். அங்கே யாரோ ஒரு ஊழியர் படிக்கிறார், ஒத்துக்கொள்கிறார். சிறப்புத் தேர்வு போர்டு கூடுகிறது. முதல் போர்டிலேயே தேர்வானதுபோலப் பழைய தேதியிட்டு மேஜர் பதவி, வித்தியாசச் சம்பள பாக்கியும் சேர்த்து.

அப்போதும் மனம் தளராதீர்கள். சம்பள பாக்கியைக் கணக்கிடுவது வேறொரு அலுவலகம். எந்தெந்த வார இறுதியில் பயிற்சிக்கு வந்தீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள். பழைய சம்பளச் சீட்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?